நேராக்கா

அவருடைய சொந்தப் பெயர் அடையாள அட்டையில் மட்டும்தான் இருந்தது. கடையில் அவர் நேராக்கா. வளைந்துபோன அக்ரிலிக் ஷீட்டை யாராவது தூக்கிக்கொண்டு படியேறினால், எங்கள் முதலாளி உட்கார்ந்த இடத்திலிருந்தே பின்பக்கம் குரல் கொடுப்பார்: "இத நேராக்கு அக்கா." சொல்லிச் சொல்லி அந்த இரண்டு சொற்களும் ஒட்டிக்கொண்டன. பிறகு வாடிக்கையாளர்களே வாசலில் நின்று, "நேராக்கா இருக்காங்களா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

எங்களுடையது பெயர்ப்பலகை செய்யும் கடை. முன்னால் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் எழுத்துகளை அடுக்குவது என் வேலை. நடுவில் வெட்டும் மெஷின். அதைத் தாண்டி, ஆளுயர ஓவனுக்கும் கழுவும் தொட்டிக்கும் இடையில் அக்காவின் மேஜை. சூடான கம்பியின் மேல் ஷீட்டைப் பிடித்து, அது இளகும் தருணம் பார்த்து மடிப்பார். மருந்துக்கடைக் கல்லாவின் தடுப்பு, வரவேற்பு மேஜைகளில் பெயர் தாங்கி நிற்கும் முக்கோணங்கள், துணிக்கடை எழுத்துப் பெட்டிகள், இப்படி அந்தத் தெருவில் பாதிக்கு மேல் அவர் கை மடித்தவைதான். முன்கை முழுக்கச் சின்னச் சின்னத் தீத்தழும்புகள். கைக்கு வேலை இருக்கும்வரை வாய் ஓயாது. வேலை நின்றால் பேச்சும் நின்றுவிடும். அதனால் அவருடைய வீட்டுக் கதை முழுவதையும் நான் கேட்டது வேலை நேரத்தில்தான். முதலாளி அதற்காகச் சம்பளத்தைப் பிடித்ததில்லை. அவரும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்.

வீடு என்றால் அவரும் மகளும். மகளைக் குட்டி என்பார். நான் கடையில் சேர்ந்தபோது குட்டிக்கு இருபது வயது தாண்டியிருந்தது. ஓடியாடித் திரிந்த பிள்ளை, எட்டு வயதுவாக்கில் படியேறும்போது தொடையில் கையை ஊன்றி ஏற ஆரம்பித்தாள். அப்புறம் தடுக்கி விழுந்தாள். அப்புறம் தடுக்காமலே விழுந்தாள். தசை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும் நோய், மெதுவாக்கலாம், நிறுத்த முடியாது என்று டாக்டர்கள் சொன்னார்கள். பள்ளிக்கூடம் முடிவதற்குள் சக்கர நாற்காலி வந்துவிட்டது.

"அவங்கப்பாவுக்கு அந்த வருஷமே வெளியூர்ல வேலை கிடைச்சுது" என்பார் அக்கா, கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல். "வேலைதான் கிடைச்சுது. திரும்பி வர லீவு கிடைக்கல."

சொல்லிவிட்டு அவரே சிரிப்பார். நாங்களும் சிரித்துவைப்போம்.

குட்டி வீட்டில் உட்கார்ந்தபடியே ஒரு கூரியர் கம்பெனிக்குப் போனில் பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். பார்சல் வரவில்லை என்று கத்துகிறவர்களைச் சமாதானப்படுத்தும் வேலை. உடம்பு நூலாக இருந்தாலும் குரல் வெண்கலம். அக்கா கடையில் இருக்கும் நேரத்தில் பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா அவ்வப்போது எட்டிப் பார்த்துக்கொள்வார்.

ஒரு மத்தியானம் ஒருவன் நீளமான ஷீட் ஒன்றைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையிலும் ஏந்தி வந்தான். முப்பதை நெருங்கும் ஆள், சட்டைப் பையில் டெஸ்டர். ஷீட் நடுவில் மேடாகத் தூக்கிக்கொண்டு படகைக் கவிழ்த்ததுபோல் இருந்தது. மேலே வட்ட வட்டமாக ஓட்டைகள்.

"என்ன தம்பி, ஷீட்டுக்கு அம்மை போட்டிருக்கா?" என்றார் அக்கா.

"கேம் பெட்டிக்கா. முன்னாடி கடைகள்ல காசு போட்டு நின்னுக்கிட்டே ஆடுவாங்களே, அந்த மாதிரி மெஷின். வீட்லயே செய்றேன். இது ஜாய்ஸ்டிக்கும் பட்டனும் வர்ற மேல்பலகை."

பகலெல்லாம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்வானாம். சாயங்காலமானால் மரப்பலகையை அறுத்து, உள்ளே பழைய டிவியை வைத்து, இந்த விளையாட்டுப் பெட்டிகளைச் செய்வானாம். மரத்தின் மேல் படம் ஒட்டி, அதன் மேல் இந்தக் கண்ணாடி மாதிரி ஷீட்டைப் பதித்தால்தான் கைவியர்வை படத்தில் இறங்காது. பதித்த சில வாரத்தில் ஷீட் எழும்பிவிட்டது. ஸ்க்ரூவை இன்னும் இறுக்கினான். மூலையில் விரிசல் விட்டது. கழற்றித் தரையில் போட்டுச் செங்கல் அடுக்கினான்.

"ரெண்டு நாள் பாரம் வச்சேன்கா. எடுத்ததும் மறுபடி எந்திரிச்சிடுது."

அக்கா ஒரு கண்ணை மூடி ஓரத்தை நோட்டம் பார்த்தார். "அடியில இருந்த பேப்பர உரிக்கவே இல்லையா?"

"கீறல் விழாதுன்னு விட்டுட்டேன்."

"மேல்பக்கம் காத்தையும் ஈரத்தையும் குடிக்குது. கீழ்பக்கம் வாயைக் கட்டிப் போட்டிருக்க. ஒரு பக்கம் மட்டும் ஊதினா வளையாம என்ன செய்யும்? ஸ்க்ரூ ஓட்டையும் ஸ்க்ரூ தண்டியே போட்டிருக்க. சூடு பட்டா இது நீளும் தம்பி. நீள இடம் குடுக்கலன்னா மேலதான் எந்திரிக்கும்."

பேப்பரை உரித்துக் கழுவினார். இரண்டு தடித்த கண்ணாடிகளுக்கு நடுவில் ஷீட்டை வைத்து ஓவனில் மெல்லச் சூடேற்றினார். அது இளகித் தன் பாரத்திலேயே படிந்த பிறகு ஓவனை அணைத்துவிட்டுக் கதவைத் திறக்காமல் விட்டார். அவன் நின்று நின்று பார்த்து, "எடுத்துடலாமாக்கா?" என்றான்.

"சூட்டோட எடுத்தா பழைய புத்திக்குப் போயிடும். நாளைக்கு வா."

மறுநாள் ஸ்க்ரூ ஓட்டைகளை ஒரு சுற்றுப் பெரிதாக்கி, ஒவ்வொன்றுக்கும் அகலமான வாஷர் கொடுத்து, "இறுக்காத. பிடிச்சா போதும்" என்று சொல்லி அனுப்பினார். அவன் படியிறங்கும்போதுதான் கூப்பிட்டார்.

"தம்பி, அந்தப் பட்டன அமுக்க எவ்வளவு பலம் வேணும்?"

அவன் பையிலிருந்து ஒரு பட்டனை எடுத்து மேஜை மேல் வைத்தான். அக்கா அதைச் சுண்டுவிரலால் அமுக்கினார். பிறகு விரலைத் தளர்த்தி, அதன் கனத்தை மட்டும் பட்டன் மேல் விட்டுப் பார்த்தார். பட்டன் இறங்கவில்லை.

"இதவிட லேசா?"

"ஸ்பிரிங் மாத்தினா ஆகும். யாருக்குக்கா?"

குட்டி டிவியில் சண்டை விளையாட்டு ஆடுகிறவள். கையில் பிடித்து ஆடும் ரிமோட்டைத் தாங்க முடியாமல் போய், அது அலமாரியில் கிடந்தது. அதை அக்கா எங்களிடம்கூடச் சொன்னதில்லை. அன்று அவனிடம் சொன்னார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெட்டிக்காரன் அக்கா வீட்டுக்குப் போனான். பலகைக்கு வெட்டுப்படம் போடவேண்டியது நான் என்பதால் நானும் போனேன். தரைத்தளத்தில் இரண்டு அறை. தெருப்பக்க ஜன்னலை ஒட்டிக் குட்டியின் நாற்காலி. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தாள். என் பார்வையைப் பார்த்து அவளே சொன்னாள்: "வாரி விட அம்மாவுக்கு நேரமில்ல, தூக்கி வார எனக்குக் கையில்ல. அதான்."

பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "நீதான் ஷீட்டு மேல செங்கல் வச்சவனா?"

அவன் காது வரை சிவந்து, "ஆமாங்க" என்றான்.

நாற்காலிக் கைகளின் குறுக்கே ஒரு பலகையை வைத்து, அதன் மேல் வெள்ளைத் தாளை விரித்தான். "எங்க வைக்கணும்னு யோசிக்காதீங்க. கையத் தூக்கி வச்சு அப்படியே விட்டுடுங்க. விரல் விழுற எடத்துக்குப் பட்டன் வரும்."

அக்காதான் அவள் கைகளைத் தூக்கித் தாளின் மேல் வைத்தார். அவன் ஒவ்வொரு விரல் நுனியைச் சுற்றியும் பென்சிலால் வட்டம் போட்டான். வட்டங்கள் நெருக்கமாக, ஒரு பக்கம் சாய்ந்து வந்தன.

அந்தப் பலகை தயாரானதும் நடந்த முதல் ஆட்டத்தில் குட்டி ஜெயித்தாள்.

"விட்டுக் குடுத்தியா?"

"இல்லைங்க."

"பொய் சொன்னா அடுத்த ஆட்டம் அசிங்கமாத் தோப்ப."

அடுத்த ஆட்டம் அவன் அசிங்கமாகத்தான் தோற்றான். அக்கா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று, திரையைப் பார்க்காமல் மகளின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆனால் அவன் அங்கே ஆஜர். குட்டிக்கு அவன் வெறும் "பெட்டி" ஆனான். அவனும் நீங்க, வாங்க என்பதை விட்டான். டிவி சத்தத்தை மீறி அவர்கள் சண்டை தெருவுக்குக் கேட்கும் என்று தையல்காரம்மா சொல்வார்.

தொந்தரவு கொடுத்தது பலகைதான். மடியில் இறங்கிய கனமான மரம் குட்டியின் தொடையை அழுத்தியது என்று அக்கா மரத்தையே எடுத்துவிட்டார். மெல்லிய ஷீட், அடியில் லேசான சட்டம், அவ்வளவுதான். ஆனால் ஜன்னல் வெயில் மேலே விழுந்து விழுந்து, மாதம் ஒரு தடவையாவது ஷீட் வளைந்தது. வளைந்தால் பட்டன்கள் ஆளுக்கொரு பக்கம் பார்க்கும். குட்டியின் விரல் வழுக்கிப்போகும். அக்கா அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவருவார், கண்ணாடிக்கு நடுவில் வைப்பார், ஆறவிடுவார், மறுபடி மாட்டுவார். தடிமனான ஷீட் போடலாம் என்றால் குட்டி ஒத்துக்கொள்ளவில்லை. கனம். நாற்காலியை ஜன்னலிலிருந்து நகர்த்தலாம் என்றாலும் ஒத்துக்கொள்ளவில்லை. தெரு தெரியாது.

ஒரு நாள் ஆறின ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அதன் நாலு ஓரத்தையும் கம்பியில் காட்டி, ஒரு விரல் அகலத்துக்குக் கீழ்நோக்கி மடித்தார், பெட்டி மூடி மாதிரி. தட்டிப் பார்த்தார். அத்தனை மெல்லிய ஷீட் விறைப்பாக நின்றது. அதற்குப் பிறகு அந்தப் பலகை வளையவே இல்லை.

வீட்டில் மாட்டிக் காட்டியபோது குட்டி விளிம்பைத் தடவிப் பார்த்தாளாம்.

"ஓரத்த மடிச்சா முதுகு நிமிந்துடுதாம்மா?"

"ஆமாடி."

"அப்ப எனக்கும் மடிச்சு விடேன். ஊர்ல உள்ளதெல்லாம் நேராக்குற, என்னை மட்டும் விட்டு வச்சிருக்க."

அந்த வருஷம் குட்டியின் முதுகெலும்பு ஒரு பக்கமாக வளைய ஆரம்பித்திருந்தது. ஆபரேஷனுக்கு நுரையீரல் தாங்காது என்று சொல்லிவிட்டார்கள். அவள் வேடிக்கைக்குத்தான் சொன்னாள். அக்காவும் சிரித்துவிட்டு, அடுப்பில் ஏதோ கிடக்கிறது என்று உள்ளே போய்விட்டாராம். "அடுப்புல ஒண்ணுமே இல்ல" என்றார் என்னிடம், கம்பியைப் பார்த்துக்கொண்டே.

முதலாளிக்கு வாய் சும்மா இருக்காது. "அந்தப் பையன் உங்கள அக்காங்கிறான். அக்கா பொண்ணுன்னா முறைப்பொண்ணு ஆச்சே. கணக்கு நேராத்தானே வருது?" என்று ஒரு நாள் இழுத்தார். அக்கா அவரை வைதார். ஆனால் அந்தப் பேச்சு எங்கோ உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. அந்த மாதமே ஜன்னலுக்குப் புதுத் திரை வாங்கினார், வெளிர்மஞ்சளில். ஞாயிற்றுக்கிழமைகளில் சமையல் கூடியது. பெட்டிக்காரனுக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கடையில் எங்களுக்கெல்லாம் மனப்பாடம் ஆகும்வரை பேசினார். கல்யாணம் என்ற சொல்லை மட்டும் அவர் வாயால் சொன்னதேயில்லை. "அவன் வந்தா அவ ரெண்டு வாய் கூடச் சாப்பிடுறா" என்பார். அவ்வளவுதான்.

பெட்டிக்காரன் தன் செய்தியை அக்காவிடம் அவர் வீட்டில் வைத்துச் சொல்லவில்லை. கடைக்கு வந்து சொன்னான்.

"அக்கா, எனக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு. ரத்தப் பரிசோதனை லேப்ல வேலை பாக்குற பொண்ணு. ஃப்ரிட்ஜ் பாக்கப் போன எடத்துல பழக்கம்."

"சந்தோசம் தம்பி" என்றார் அக்கா. நன்றாகவே சிரித்தார். பெண் எந்த ஊர், எப்போது நாள் என்று கேட்க வேண்டியதையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டார். அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கம்பியின் மேலிருந்த ஷீட் கொப்புளம் கொப்புளமாகப் பொங்கி நாற்றம் எடுத்தது. அத்தனை வருஷத்தில் அவர் ஒரு ஷீட்டைக் கருகவிட்டு நான் பார்த்ததில்லை.

இதை மகளிடம் எப்படிச் சொல்வது என்று அன்று முழுக்க யோசித்தார். வீட்டுக்குப் போய் ஆரம்பித்ததுமே குட்டி குறுக்கிட்டாள். மறுநாள் அக்கா சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்.

"எனக்குத் தெரியும்மா. அந்தப் பொண்ணுகிட்ட எப்படிப் பேசறதுன்னு தெரியாம முழிச்சான். நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

"உனக்கு ஒண்ணும் இல்லையாடி?"

"இருந்துச்சு. போன வருஷம் முழுக்க இருந்துச்சு. நீ கவனிக்கல. திரை வாங்குறதுல இருந்த."

"அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

"அவன் நல்லவன்மா. சொன்னா சரின்னுடுவான். அதான் சொல்லல."

கல்யாணத்துக்குக் குட்டி வேனில் போய்வந்தாள். போட்டோவில் மணமக்களுக்குப் பக்கத்தில் அவள்தான் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். பெட்டிக்காரனின் மனைவி அதிகம் பேசாத பெண். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்த்தாள், மூன்றாவதில் ஜாய்ஸ்டிக்கைப் பிடித்தாள். குட்டி அவளுக்குக் கொஞ்சமும் இரக்கம் காட்டவில்லை. பதினைந்து ஆட்டம் தொடர்ந்து தோற்ற பிறகு அந்தப் பெண் எழுந்துபோய் அக்காவிடம், "இவங்க எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டாளாம். அக்காவுக்கு அவளைப் பிடிக்காமல் இருக்க வேண்டும் என்று ஆசைதான். முடியவில்லை.

பலகைகள் மாறிக்கொண்டே வந்தன. ஒவ்வொரு தடவையும் வெட்டுப்படத்தை நான்தான் திருத்துவேன். பட்டன்களை இன்னும் கொஞ்சம் நெருக்கு, இடது ஓரத்தில் இருப்பதை எடுத்துவிடு, அதன் வேலையை நடுவில் உள்ளதோடு சேர். ஸ்பிரிங் லேசாகிக்கொண்டே போய், கடைசியில் பட்டனுக்கு அடியில் ஸ்பிரிங்கே இல்லாமல் பெட்டிக்காரன் வேறு ஏதோ பஞ்சு வைத்தான். ஆறு பட்டன் நாலாகி, நாலு இரண்டானது. இரண்டு பட்டனை வைத்துக்கொண்டும் அவள் அவனைத் தோற்கடிப்பாள். அவன் எந்த நேரத்தில் எதைச் செய்வான் என்று அவளுக்குத் தெரியும். அவள் அதற்காகக் காத்திருந்து ஒரே ஒரு தடவை அமுக்குவாள்.

கைக்கு அடுத்து மூச்சு. வாக்கியத்துக்கு நடுவில் நிறுத்தி மூச்சு வாங்க ஆரம்பித்தாள். "லைன் கட்டாயிடுச்சான்னு கேக்குறாங்கம்மா" என்று சிரித்தாள். கூரியர் கம்பெனி மூன்று மாதம் பொறுத்தது. அப்புறம் மரியாதையாகவே நிறுத்திவிட்டது. வீட்டில் மூச்சுக்கு ஒரு மெஷின் வந்தது. முகமூடி போட்டிருக்கும்போது பேச முடியாது, பேசும்போது போட முடியாது. எப்போது பேசுவது என்பதை அவள் சிக்கனமாகத் தேர்ந்தெடுத்தாள்.

ஒரு பட்டன் மட்டும் வைத்த பலகை ஒன்று செய்ய அக்கா நினைத்தார். குட்டி வேண்டாம் என்றாள். "போதும்மா. ஒரு பட்டன்ல என்ன சண்டை போடறது? அது காலிங்பெல்." அக்கா கேட்கவில்லை. பெட்டிக்காரனிடம் பெரிய பட்டனாக ஒன்று வாங்கிவரச் சொன்னார். என்னை வெட்டுப்படம் போடச் சொன்னார். நல்ல ஷீட் இருப்பில் இல்லை. சரக்கறையில் சாய்த்து வைத்ததில் வளைந்துபோன ஒன்றுதான் இருந்தது. அதைக் கழுவி, கண்ணாடிகளுக்கு நடுவில் வைத்து, ஓவனைப் போட்டார். வெளியே நல்ல மழை. காலையிலிருந்து குட்டிக்கு லேசாகச் சளி என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போதுதான் தையல்காரம்மாவிடமிருந்து போன் வந்தது.

அக்கா கைக்கெட்டிய குடையை எடுக்காமல் இறங்கிப் போனார். முதலாளி பின்னாலேயே வண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார். ஓவனை நான்தான் அணைத்தேன்.

ஆஸ்பத்திரியில் குட்டி சில நாள் இருந்தாள். தொண்டையில் குழாய் போட்டிருந்ததால் பேச்சில்லை. பெட்டிக்காரன் வேலைக்குப் போகாமல் வராந்தாவிலேயே கிடந்தான். அவன் மனைவி லேப் உடையோடு வந்து, உள்ளே இருப்பவர்களிடம் விசாரித்து, அக்காவுக்குப் புரிகிற மாதிரி எடுத்துச் சொல்வாள். கடைசி நாள் காலையில் அவள் எடுத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அக்காவுக்கு அதிலேயே புரிந்துவிட்டது. உள்ளே போய், குழாயும் ஒயரும் படாமல் மகளின் இரண்டு கைகளையும் போர்வைக்கு மேல் எடுத்து வைத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நீட்டிவிட்டார். மத்தியானத்துக்குள் எல்லாம் முடிந்தது.

அக்கா திரும்ப வேலைக்கு வந்தபோது நாங்கள் எல்லாரும் வேலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டோம். அவர் கை கழுவினார், கம்பியைச் சூடேற்றினார். சிறிது நேரம் கழித்து என்னிடம் வந்தார்.

"அந்த ஷீட்டு எங்க?"

என் மேஜைக்குப் பின்னால் எடுத்து வைத்திருந்தேன். கொடுத்தேன். ஒரு கண்ணை மூடி ஓரத்தைப் பார்த்தார்.

"நேராத்தான் வந்திருக்கு" என்றார்.

அதைக் கொண்டுபோய்த் துண்டு துக்காணி போடும் பெட்டியில் வைத்தார். அந்த வாரத்திலேயே யாரோ அதை வெட்டிக் கதவு எண் செய்துவிட்டார்கள். அவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் வேலையைத் தொடர்ந்தார். அந்த நாட்களில் கை ஓயாமல் வேலை செய்தும் அவர் வாய் திறக்கவில்லை. முதலாளி தானாகவே எதையாவது சொல்லிப் பார்ப்பார். "ம்" என்று வரும்.

பெட்டிக்காரன் வெகுநாள் கடைப்பக்கம் வரவில்லை. ஊரில் புதிதாக ஒரு விளையாட்டுக் கூடம் திறக்கிறார்கள் என்று அவனுக்கு நாலு பெட்டி செய்யும் வேலை வந்தது. ஏற்றிக்கொண்டு போன லாரியில் தார்ப்பாய்க்கு அடியில் வெந்து, நாலு மேல்பலகையும் வளைந்துவிட்டன. வேறு வழியில்லாமல் தூக்கிக்கொண்டு வந்தான். படியிலேயே நின்றான்.

"அக்கா, உங்களுக்குக் கஷ்டமா இருந்தா வேற எங்கயாவது குடுத்துக்கிறேன்."

"உள்ள வை" என்றார் அக்கா.

வழக்கம்போல் கழுவினார், சூடேற்றினார், ஆறவிட்டார். மறுநாள் அவன் வந்தபோது ஷீட்டை அவன் கொண்டுவந்த மரத்தின் மேல் பொருத்தி, பட்டன்கள் தடையில்லாமல் இறங்குகின்றனவா என்று பார்ப்பதற்காகத் தன் கையை அதன் மேல் வைத்தார். ஐந்து விரலும் விரிந்து ஐந்து இடத்தில் போய் நின்றன. அவர் அப்படியே நின்றுவிட்டார். எத்தனையோ வருஷமாகப் பலகைக்குப் பலகை நெருங்கிக்கொண்டே வந்த பட்டன்களைத்தான் அந்தக் கை பொருத்தியிருந்தது.

"இவ்வளவு தூரத்துல இருக்குமா தம்பி?" என்றார். "எல்லாருக்கும் இவ்வளவு தூரமா?"

அவன், "ஆமாக்கா" என்றான். ஸ்க்ரூ டிரைவரோடு தரையில் உட்கார்ந்துவிட்டான். அக்கா பலகையிலிருந்து கையை எடுக்காமலே அழுதார். ஆஸ்பத்திரியிலும் சரி, வீட்டிலும் சரி, அவர் அழுது யாரும் பார்த்திருக்கவில்லை. முதலாளி எழுந்துபோய்க் கடைக் கதவைப் பாதி சாத்தினார். நான் கம்ப்யூட்டரில் எதையோ தட்டிக்கொண்டிருந்தேன். என்ன தட்டினேன் என்று எனக்குத் தெரியாது.

பிறகு முகம் கழுவிவிட்டு வந்து மிச்சம் மூன்றையும் பொருத்தினார். ஒரு வாஷரை அவன் இறுக்கியபோது, "பிடிச்சா போதும்னு எத்தனை தடவை சொல்றது?" என்று கடிந்தார். அன்றிலிருந்துதான் மறுபடி பேச ஆரம்பித்தார், முன்புபோல் இல்லாவிட்டாலும்.

இப்போது அந்த வீட்டின் இரண்டாவது அறையில் பேக்கரியில் வேலை செய்யும் ஒரு பெண் வாடகைக்கு இருக்கிறாள். பெட்டிக்காரனின் மனைவி பார்த்து அனுப்பிய ஆள். விடியும் முன்பே கிளம்பிப் போகிறவள். ஜன்னலோரத்தில் அக்கா எதையும் வைக்கவில்லை. அந்தப் பெண் தன் செருப்பு ஸ்டாண்டை அங்கே வைக்கலாமா என்று கேட்டபோது மட்டும் வேண்டாம் என்றாராம். மற்றபடி அவளைப் பற்றித் தினமும் ஒரு புகார் வரும்.

"இன்னிக்குக் கதவ அப்படிச் சாத்துறா, சுவரே அதிருது. பாத்திரத்தப் போடறா, போன்ல கத்துறா. சொன்னா இந்தக் காதுல வாங்கி அந்தக் காதுல விடுறா."

"அவ்வளவு தொல்லைன்னா காலி பண்ணச் சொல்லிடுங்களேன்" என்றார் முதலாளி.

அக்கா கம்பியின் மேல் ஷீட்டைத் திருப்பிப் போட்டார். "இருந்துட்டுப் போகட்டும்" என்றார்.